கார்சன் அம்மையாரும் நமது காற்றும்

உலகில் நூல்கள் பல. அவற்றுள் நாட்டின் சட்டத்தையே மாற்றியவை மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்றை இயற்றியவர் அமெரிக்க நாட்டு இரேச்சல் கார்சன் அம்மையார். அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்மேற் சாற்றப்படும் பழியொன்று ஓய்ந்தபாடில்லை. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லியை அவர் தம் நூலால் ஒழித்தார் என்றும், அதனால் மலேரியா மீண்டெழுந்து ஏழை நாடுகளில் எண்ணற்றோர் மாண்டனர் என்றும் சிலர் கூறுவர். அதற்குச் சான்றாக அவர்கள் காட்டும் நாடு நமது இலங்கையே. ஆதலின் அம்மையாரின் வரலாற்றைச் செவ்வனே அறிந்துகொள்ளுதல் நமக்குரிய கடனாகும்.

1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் அம்மையார் பிறந்தார். பறவைகளிடத்தும் பூக்களிடத்தும் அன்புகொள்ளுமாறு அவரை வளர்த்தவர் தாயார் மரியா. பதினோராம் வயதிலேயே சிறுவர் இதழொன்றில் அவரது எழுத்து அச்சேறியது. இலக்கியம் பயிலக் கல்லூரி புகுந்தவர் இடையில் உயிரியலுக்கு மாறினார். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தையார் காலமானார். 1936இல் அரசின் மீன்வளப் பணியகத்தில் வேலையேற்ற அம்மையார், அடுத்த ஆண்டில் தமக்கையும் இறக்கவே, அவருடைய பெண்மக்கள் இருவரையும் தாமே தாங்கினார். இலக்கியத்தைத் துறந்துவிட்டதாக எண்ணியிருந்தவருக்கு அறிவியலே எழுதுபொருளாயிற்று. நம்மைச் சூழ்ந்த கடலைப்பற்றி அவர் 1951இல் வெளியிட்ட நூல் பெரும்புகழ் ஈட்டியது. மறு ஆண்டில் அவர் அரசுப் பணியை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

டி.டி.ரி. பூச்சிகளைக் கொல்லும் வன்மையை 1939இற் கண்டறிந்தவர் சுவிற்சர்லாந்து இரசாயன அறிஞர் போல் முல்லர். அதற்காக 1948இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். போர்க்காலத்தில் படைவீரரைக் காத்த அம்மருந்து, போர் முடிந்ததும் வயல்களிலும் காடுகளிலும் ஊர்களின்மேலும் விமானங்களினின்று பொழியப்பட்டது. இதன் விளைவை ஆராய்ந்து எழுதக் கார்சன் அம்மையார் 1945இலேயே முன்வந்தார்; அவர் அணுகிய இதழ் அதனை ஏற்கவில்லை. 1958இல் தோழியொருவரின் கடிதம் வந்தது. நுளம்பை ஒழிக்க வானிலிருந்து தெளித்த மருந்தினால் தம் வளவிற் பறவைகள் செத்து விழுந்தன என்பது அதன் செய்தி. அன்று தொடங்கிய ஆராய்ச்சி 1962இல் மௌன வசந்தம் என்னும் நூலாக நிறைவெய்தியது. புள்ளின் குரல் கேளாத இளவேனில் என்பது அப்பெயரின் கருத்து.

பூச்சிகொல்லி யாவற்றையும் விலக்குக என்று அந்நூல் கூறவில்லை. ஆராயாது, அளவின்றி, மக்களின் இசைவின்றித் தெளிப்பதையே அது கண்டித்தது. இம்மருந்துகள் எளிதிற் சிதையாமல் கொழுப்பிற் சேர்ந்து, புழுவிலிருந்து புள்ளுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் ஏறியேறிப் பெருகுவதை அது விளக்கியது. மருந்து மிகுந்தால் பூச்சிகள் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்றும் எச்சரித்தது. நஞ்சு கலவாத உணவைக் காண வேண்டின் தொலைவிலுள்ள அலாஸ்காக் கரைக்கே செல்லவேண்டும்; அங்குங்கூட அதன் நிழல் நெருங்குகின்றது என்பதும் அம்மையார் கண்ட உண்மை.

நூலை எழுதும்போதே புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. அதனை அவர் வெளியிற் கூறவில்லை. இரசாயனக் கைத்தொழிலார் அவரை உணர்ச்சிவயப்பட்ட பெண் என எள்ளினர். ஆயினும் 1963 மே மாதத்தில் அதிபர் கெனடியின் அறிவியற் குழு வெளியிட்ட அறிக்கை அவர் கூற்றுக்குப் பெரிதும் அரண் செய்தது. 1964 ஏப்ரல் 14ஆம் நாள், தமது 56ஆம் வயதில் அம்மையார் காலமானார். அமெரிக்கா டி.டி.ரி.யைப் பெரும்பாலும் விலக்கியது 1972இலேயே. அதனை அவர் கண்டாரல்லர்.

இனி, இலங்கையின் வழக்குக்கு வருவோம். 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியா இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. 1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று கருதியே தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் டி.டி.ரி. தெளித்தபோது நுளம்பு அதற்கு அஞ்சவில்லை. 1970களில் மலத்தியோன் என்னும் வேறு மருந்தை நாடவேண்டியதாயிற்று. இவ்வரிசையில் அம்மையாரின் குற்றம் யாண்டுளது? தெளிப்பை நிறுத்தியது அவர் நூலன்று. மீண்டும் தெளித்தபோது நேர்ந்ததோ, அவர் எச்சரித்ததே. விழிப்பான கண்காணிப்பினாலும் பல்வகை முயற்சியாலும் மலேரியாவை வென்ற இலங்கைக்கு 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

அம்மையார் கண்ட நிழல் பின்னர் அளக்கப்பட்டது. வெப்பநாட்டிற் பட்ட நஞ்சு ஆவியாகிக் காற்றிலேறி, குளிர்ந்த இடத்திற் படிந்து, மீண்டும் வெயில்பட்டு எழுந்து, படிப்படியாக வடமுனை சேர்கின்றது. 1980களின் பிற்பகுதியில் கனடாவின் வடபால் வாழும் இனுயிட் தாய்மாரின் பாலில் இத்தகைய மாசுகள் தென்பால் தாய்மாரினும் பன்மடங்கு காணப்பட்டன. 2001இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை பிறந்தது. முதலில் பன்னிரு பொருள்கள் அதிற் குறிக்கப்பட்டன. அவற்றுட் பல அம்மையாரின் நூலிற் பெயர் சொல்லப்பட்டவையே. நோய் பரப்பும் பூச்சிகளை அடக்க டி.டி.ரி.யைப் பயன்படுத்த அவ்வுடன்படிக்கையும் இடம் வைத்துள்ளது. இலங்கை 2005இல் அதிற் சேர்ந்தது. உடன்படிக்கை பயன் தருகின்றதா என்று அறிய உலகெங்கும் காற்றும் தாய்ப்பாலும் சோதிக்கப்படுகின்றன. இரு உருக்குக் கிண்ணங்களைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்து, இடையே மென்பஞ்சு வட்டொன்றைப் பொருத்தி, ஏறத்தாழ மூன்று மாதம் திறந்த வெளியில் தூக்குவர். காற்றிலுள்ள மாசு அதிற் படியும். ஒரு கிராமை இலட்சம் கோடி கூறாக்கின் வரும் சிறுகூறே அங்கு அளவை.

கட்டைபறிச்சானிலிருந்து இதனை எழுதும் எனக்குக் காற்று புதிதன்று. மாரியில் வாடையும் கோடையிற் கச்சானும் எங்கள் வயலையும் களப்பையும் கடந்தே செல்கின்றன. அவை எமதூர்க் காற்று என்றே எண்ணியிருந்தோம். காற்றுக்கு ஊரில்லை என்பது இப்போது விளங்குகின்றது. இன்று வயலில் அடிக்கும் மருந்துகள் பெரும்பாலும் அப்பழைய வகையின அல்ல, விரைவிற் சிதைவன. ஆயின், முற்றத்துக் குப்பையோடு பிளாத்திக்கையும் சேர்த்து எரிக்கும்போது எழும் புகையில், அப்பன்னிரண்டுள் அடங்கிய டயொக்சின் என்னும் நஞ்சு உண்டு. பாடசாலை வளவிலும் இது நிகழ்கின்றது. ஆசிரியராகிய நாம் அத்தீயை அவித்து, அதன் காரணத்தை மாணாக்கருக்கு விளக்கின், அதுவே கார்சன் அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.