சுருங்கிய பட்டாணியும் மெண்டல் பெருமகனாரும்

இடுக்கி மாவட்ட எல்லையில், தமிழர் மிகுந்து வாழும் வட்டவடையின் மலைச்சரிவுகளில் பட்டாணி விளைகிறது. அக்கொடிகளைக் காணுந்தோறும் ஓர் ஏழைக் குடியானவரின் மகன் என் நினைவுக்கு வருகிறார். அவரே மரபியலின் தந்தை கிரிகோர் மெண்டல்.

இன்றைய செக் நாட்டின் சிற்றூர் ஒன்றில் 1822-ஆம் ஆண்டு பிறந்தார். படிக்க ஆர்வமிருந்தது, பொருளில்லை. தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனின் கல்விக்கு ஈந்தாள். பின்னர் 1843-இல் புருன் நகரத்துத் துறவி மடத்தில் சேர்ந்தார். ஆசிரியராக விழைந்து 1850-இலும் 1856-இலும் தேர்வெழுதினார், இருமுறையும் தேறவில்லை.

தோற்றவர் துவளவில்லை. மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அடுத்த தலைமுறையிலோ உருண்டை 5,474; சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! மறைந்த பண்பு அழியவில்லை, உள்ளே ஒளிந்திருந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனக் காரணிகள் இணையாக வருகின்றன என்று கண்டார்.

1865-இல் இதனை அறிஞர் அவையில் படித்தார். மறு ஆண்டு அச்சாயிற்று. உலகம் பொருட்படுத்தவில்லை. 1868-இல் மடத்தின் தலைவரானார். தங்கையின் மக்களைப் படிக்கவைத்து அன்புக்கடன் தீர்த்தார். 1884-இல் மறைந்தார். 1900-இல்தான் மூன்று அறிஞர்கள் அவர் கண்ட உண்மையை மீண்டும் கண்டனர்.

விதை சுருங்குவதேன்? விடை 1990-இல் இங்கிலாந்தில் கிடைத்தது. மாவுப்பொருளைக் கிளைவிடச் செய்யும் நொதியின் மரபணுவில் ஒரு சிறு துண்டு இடையே புகுந்திருந்தது. அதனால் மாவுப்பொருள் குறைந்து சர்க்கரை மிகுகிறது. சர்க்கரை நீரை இழுக்க, விதை பருத்துப் பின் உலர்ந்து சுருங்குகிறது. எஞ்சிய மாவுப்பொருளும் மெல்லச் செரிப்பதால், உண்டவர் இரத்தத்தில் சர்க்கரை மெதுவாகவே ஏறுகிறது. இத்தகைய மரபணு வேறுபாடுகளே இன்று அடையாளக் குறிகளாகின்றன. காய்க்கும்வரை காத்திராமல், நாற்றின் இலையைச் சோதித்தே விதையின் பண்பை முன்னறியலாம். புரதமும் இரும்பும் மிகுந்த பட்டாணியைத் தேடுவோரும் இவ்வழியே செல்கின்றனர்.

தோழர்களே! நம்முள்ளும் தேர்வில் தவறியோர் உளர். உடன்பிறந்தாள் நகையில் கல்லூரிக்கு வந்தோரும் உளர். சுருங்கிய விதையை வீசி எறியாமல் எண்ணிப் பார்த்தவரை அவர்கள் மறவாதிருப்பாராக.