பெஸண்ட் அம்மையாரும் பள்ளிப் பிள்ளைகளின் மாலைப் பொழுதும்

மாலை வேளையில் ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் வாயில்களில் நின்று பார்த்தவர்கள், கூட்டங்கூட்டமாக ஸ்திரீகள் வேலை முடிந்து வெளிவரும் காட்சியைக் கண்டிருப்பார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார். பள்ளிக்கூட மணியோ அதற்கு முன்னரே அடித்துவிடுகிறது. இடையிலுள்ள அந்தப் பொழுது யாருடையது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை டியூஷனுக்கு ஓடுகிறது. வசதியற்ற பிள்ளை தெருவில் நிற்கிறது. இலக்கிய மன்றம், விவாத சங்கம், சாரணர் அணி முதலியன பல பள்ளிகளின் ரிஜிஸ்தர்களில் ஒழுங்காகவே நடைபெறுகின்றன. நாம் உயர்தரப் பாடசாலையில் வாசித்த காலத்தில் விவாத சங்கத்திற்கென்று வருஷந்தோறும் சந்தா செலுத்தினோம். அச்சங்கம் கூடியதை ஒருநாளும் கண்டோமில்லை. பிற்காலத்தில் கோர்ட்டில் முதன்முதல் எழுந்து நின்றபோது நமது நா உலர்ந்து போனதற்கு அதுவும் ஒரு காரணமென்று இன்னும் எண்ணுகிறோம்.

2022-ஆம் வருஷம் முதல் நமது மாகாண சர்க்கார் பள்ளிகளில் கலைத் திருவிழா என்ற பெயரால் போட்டிகள் நடத்தி வருவது நல்ல காரியமே. ஆனால் திருவிழா வருஷத்தில் சில நாள். மாலைப் பொழுது தினந்தோறும் வருவது. பிள்ளைகளின் அந்தத் தினசரிப் பொழுதைத் தேசத்தின் காரியமாகக் கருதி, அதற்காகச் சர்க்காரோடு மல்லுக்கு நின்றவர் ஒருவர் நமது சென்னை ராஜதானியில் இருந்தார். அவரே அன்னி பெஸண்ட் அம்மையார். அவரைத் தலைவி என்று வணங்கியவரும் உண்டு. பிற்காலத்தில் தேசத்தின் வேகத்திற்குத் தடையென்று தள்ளியவரும் உண்டு. இவ்விரு சாராரும் அதிகம் கவனியாத பக்கத்திலிருந்து அவரது ஜீவியத்தைச் சொல்லப் புகுகின்றோம்.

அம்மையார் 1847-ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளிக்கூடம் உள்ள ஊருக்குக் குடிபெயர்ந்து, அப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவும் இடமும் அளிக்கும் விடுதி நடத்தி ஜீவனம் செய்தார். ஆகவே, சீமான் வீட்டுப் பிள்ளைகள் பாட நேரம் போக மற்ற நேரத்தில் விளையாடியும் வாதாடியும் தங்களுக்குள் தலைவர்களை அமைத்துக்கொண்டும் சாம்ராஜ்யம் ஆளப் பழகியதைச் சிறு பெண்ணாயிருந்தபோதே அவர் அருகிலிருந்து பார்த்தார். அவருக்குக் கல்வி கற்பித்த எல்லன் மேரியட் என்னும் மாது, இலக்கணப் புஸ்தகத்தைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுபவரல்லர். அவர்களை வெளியே அழைத்துச் சென்று, கண்டவற்றைக் கடிதமாக எழுதச் செய்பவர். இவ்விரண்டும் அம்மையாரின் மனத்தில் ஊன்றிய விதைகளென்று கொள்ளலாம்.

1867-ல் ஒரு பாதிரியாரை மணந்ததும், மத நம்பிக்கை குலைந்து 1873-ல் பிரிந்ததும், பிராட்லா என்பவரோடு சேர்ந்து பகுத்தறிவுப் பிரசாரம் செய்ததும் யாவரும் அறிந்தவை. 1877-ல் கர்ப்பத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காகக் குற்றக்கூண்டில் நின்று, வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். அதன் பயனாக மறுவருஷமே தாயாயிருக்கத் தகுதியற்றவரென்று கோர்ட்டு தீர்மானித்து, மகள் மேபலை அவரிடமிருந்து பிரித்தது. தம் பிள்ளையை இழந்தவர் ஊரார் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த ஏழைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு உற்ற துணையாய் நின்றார். அவ்வருஷ முடிவிலேயே லண்டன் பள்ளிக்கூட போர்டுக்கு டவர் ஹாம்லட்ஸ் என்னும் தொழிலாளர் பகுதியிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டார். பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்கு முதலில் சோறு, பிறகு பாடம் என்று அங்கே போராடினார். தொழிற்சாலைப் பெண்களின் துயரத்தையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் துயரத்தையும் ஒன்றாகவே கண்டவர் அவர் என்பதை நமது தோல் தொழில் ஊர்களில் உள்ளோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893 நவம்பரில் கொழும்பிலிருந்து கப்பலேறித் தூத்துக்குடியில் வந்திறங்கினார். அவர் மிதித்த முதல் இந்திய மண் நமது தமிழ் மண்ணே. ஐந்து வருஷங்களில் காசியில் மத்திய ஹிந்து கலாசாலையை ஸ்தாபித்தார். கட்டணம் குறைவு, சர்க்கார் பணம் வாங்குவதில்லை. பாடத்தோடு விளையாட்டும் விவாதமும், மாணாக்கருக்கென்றே ஒரு மாதப் பத்திரிகையும் அங்கே இருந்தன. ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கில இளைஞர் 1903-ல் அங்கே உபாத்தியாயராக வந்து, பின்னர் தலைமை ஆசிரியருமானார். மாணாக்கரோடு மைதானத்தில் இறங்குவதைத் தமது அந்தஸ்துக்குக் குறைவாக எண்ணாதவர். அக்கலாசாலையே பிற்காலத்தில் மாளவியா அவர்களின் காசி ஹிந்து சர்வகலாசாலைக்கு வித்தாயிற்று.

அடையாற்றில் சபைத் தலைவியாக அமர்ந்தபின், அம்மையாரின் நோக்கம் சென்னை மாணாக்கர் மீது விழுந்தது. அக்காலத்தில் மாலை வேளையில் வாலிபர்கள் கூடிப் படிக்கவும் தேகப்பயிற்சி செய்யவும் நகரில் சிறப்பாக அமைந்த இடம் கிறிஸ்தவ வாலிபர் சங்கமே. அதன் சேவையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் மாற்றார் திண்ணையிலேயே நமது பிள்ளைகள் எந்நாளும் உட்கார வேண்டுமோ? 1914-ல் இந்திய வாலிபர் சங்கம் பிறந்தது. மறுவருஷம், காலஞ்சென்ற கோகலேயின் பெயரால் அரண்மனைக்காரத் தெருவில் ஒரு மண்டபம் எழுந்தது. வாசகசாலையும் தேகப்பயிற்சிக் கூடமும் பிரசங்க மேடையும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. சட்டசபை முறையில் பிரேரணை கொண்டுவந்து, எதிர்த்துப் பேசி, வோட்டெடுத்து முடிவு செய்யும் வழக்கத்தை இளைஞர்கள் பழகினார்கள். சுயராஜ்யம் வருமுன்னரே சுயராஜ்யத்தின் நடைமுறையை விளையாட்டாகக் கற்றார்களென்றால் மிகையாகாது.

சர்க்கார் இதைக் கண்டு சும்மாயிருக்குமா? ஹோம்ரூல் கிளர்ச்சி மூண்டதும், 1917-ல் மாணாக்கர் அரசியல் கூட்டங்களுக்குச் செல்லலாகாதென்று சென்னை அரசாங்கம் உத்தரவிட்டது. அவ்வருஷம் ஜூன் மாதம் அம்மையாரையும் அருண்டேலையும் வாடியாவையும் காவலில் வைத்தது. நீலகிரியில் தாம் அடைபட்டிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே அம்மையார் சிவப்பும் பச்சையுமான ஹோம்ரூல் கொடியை ஏற்றினார். தேசமெங்கும் எழுந்த கூக்குரலால் செப்டம்பரில் விடுதலை. டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸின் அக்கிராசனம். காங்கிரஸின் தலைமைப் பீடத்தில் முதன்முதல் அமர்ந்த ஸ்திரீ அவரே.

இந்த அமளிக்கு நடுவிலேதான் சாரணர் விஷயமும் எழுந்தது. பேடன் பவல் பிரபு இங்கிலாந்தில் தொடங்கிய இயக்கம் 1909-லேயே பெங்களூரில் காலூன்றியது. ஆனால் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே. இந்தியப் பிள்ளை முடிச்சுப் போடவும், கூடாரமடிக்கவும், அணிவகுத்து நடக்கவும் கற்றால் அது எங்கே போய் முடியுமோ என்று அதிகார வர்க்கம் அஞ்சிற்று. அம்மையார் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1916-17 காலத்தில் அருண்டேலின் உதவியோடு இந்தியச் சாரணர் சங்கத்தைச் சென்னையில் தாமே அமைத்துவிட்டார். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகை. ஆங்கிலப் பாட்டுக்குப் பதிலாக நமது தேசப் பாட்டு. வடக்கே ஸ்ரீராம் பாஜ்பாயும், பிறகு மாளவியா, குன்ஸ்ரூ முதலியோரும் சேவாசமிதிச் சாரணரை இதே எண்ணத்தோடு வளர்த்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் வழிதப்பிய கிழவியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதும், காயம்பட்டவனுக்குக் கட்டுப்போடுவதும் பிள்ளைகளுக்குரிய காரியங்களென்று அன்றுதான் பலர் உணர்ந்தார்கள்.

நமது ஆற்காட்டுச் சீமையிலிருந்து சித்தூர் வழியாக வடமேற்கே சென்றால் மதனப்பள்ளி வருகிறது. அங்கே அம்மையார் ஆதரித்த பிரம்மஞானப் பள்ளி 1915-ல் கலாசாலையாக உயர்ந்தது. நியூ இந்தியா பத்திரிகையில் வேலை பார்த்த ஜேம்ஸ் கஸின்ஸ் என்னும் ஐரிஷ் கவிஞர் அதன் தலைவரானார். அங்கே புதன்கிழமை இரவுகளில் மாணாக்கரும் உபாத்தியாயர்களும் கூடிப் பாடுவது வழக்கம். பரீட்சைக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. 1919 பிப்ரவரியில் அங்கு தங்கியிருந்த ரவீந்திரநாத தாகூர் அப்படிப்பட்ட ஓர் இரவில் தமது ஜன கண மன பாடலைப் பாடினார். சில நாட்களில் அதை அங்கேயே ஆங்கிலத்தில் பெயர்த்தும் எழுதினார். கஸின்ஸின் மனைவி மார்கரெட் அதற்கு ஸ்வரக் குறிப்பு அமைத்தார். 1950-ல் பாரதத்தின் தேசிய கீதமான பாட்டு, ஒரு சிற்றூர்க் கலாசாலைப் பிள்ளைகளின் புதன்கிழமைப் பொழுதுபோக்கில் ஒலித்த பாட்டு!

இனி அம்மையாரிடம் நாம் காணும் குறைகளையும் கூறவேண்டும். 1921 ஆரம்பத்தில் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். அம்மையார் தமது சங்கத்தை அவரது சங்கத்தோடு இணைத்துவிட்டு, கௌரவக் கமிஷனர் பட்டத்தை ஏற்றார். இந்தியப் பிள்ளைகளுக்கு மூடியிருந்த கதவு திறந்தது உண்மையே. அது சிறிய வெற்றியல்ல. ஆனால் அது காந்தியடிகள் சர்க்கார் பள்ளிகளைவிட்டு வெளிவருமாறு மாணாக்கரை அழைத்த காலம். அம்மையார் விரும்பிய சுயராஜ்யம் சாம்ராஜ்யத்திற்குள் அடங்கிய சுயராஜ்யம். ஒத்துழையாமையை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். சேவாசமிதியார் அந்த இணைப்பில் சேராமல் தனித்து நின்றார்கள். 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் என்று தேசியச் சாரணர் தனியே திரண்டதைப் பார்க்கும்போது, தனித்து நின்றவர்களின் நிதானமே மேலானதென்று நாம் கருதுகிறோம். விடுதலைக்குப் பின், 1950 நவம்பரிலேதான் எல்லாப் பிரிவுகளும் பாரத சாரணர் என்ற ஒரே குடையின்கீழ் வந்தன.

மற்றொரு குறை கோர்ட்டுக் கட்டுகளில் இருக்கிறது. வக்கீல்கள் அதை இன்றும் படிக்கிறார்கள். மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவன், உலக குருவாக வரப்போகிறவனென்று சபையாரால் 1909-ல் தெரிந்தெடுக்கப்பட்டான். தந்தை நாராயணய்யா தம் இரு புதல்வரையும் அம்மையாரின் பொறுப்பில் எழுதிக் கொடுத்தார். பின்னர் மனம் மாறித் திருப்பிக் கேட்டார். சென்னை ஹைகோர்ட்டு தந்தைக்கே தீர்ப்பளித்தது. 1914-ல் பிரிவி கவுன்ஸில் அத்தீர்ப்பை மாற்றியது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்ததும், அவர்கள் கருத்தை யாரும் கேளாததும் அதற்கு முக்கிய காரணங்கள். ஆயினும் தகப்பன் தன் பொறுப்பை என்றைக்கும் மீட்க முடியாதபடி பிறருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதையும் அது நிலைநாட்டியது. மகளைக் கோர்ட்டில் இழந்த தாய், இன்னொருவர் மக்களைக் கோர்ட்டில் தக்கவைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு எவ்வளவோ சுதந்தரம் கேட்டவர், இந்த ஒரு பிள்ளையின் வருங்காலத்தைத் தாமே எழுதிவைத்ததை நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பிள்ளையே அதற்கு விடை கூறினார். 1929 ஆகஸ்டு 3-ஆம் தேதி ஹாலந்து தேசத்தில் ஓமன் என்னும் இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்க, தமக்காகவே அமைக்கப்பட்ட நக்ஷத்திர சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்துவிட்டார். எண்பத்தொரு வயதான அம்மையார் அக்கூட்டத்தில் இருந்து கேட்டார். இருபது வருஷப் பிரயாசை கண்முன் கலைந்தது. ஆயினும் அவரைத் தம் அன்பிலிருந்து விலக்கவில்லை. நாம் அம்மையாரை அதிகமாக மதிப்பது கல்கத்தா அக்கிராசனத்தைவிட அந்த நாளுக்காகவே. 1933 செப்டம்பர் 20-ஆம் தேதி அடையாற்றில் காலமானார்.

மதனப்பள்ளிக்கு அருகில், கிருஷ்ணமூர்த்தி தேர்ந்த பள்ளத்தாக்கில் எழுந்த ரிஷி வாலிப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் பிள்ளைகள் திறந்த வெளியில் கூடி, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் வரையில் பேசாமல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அந்நேரத்தில் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஸ்திரீகள் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளில் சிலர் டியூஷன் அறையிலும், சிலர் தெரு விளக்கடியிலும் இருப்பார்கள்.