பட்டம் பெறாத அத்தியட்சர்

தலைநகர் வந்த தமிழருட் பலர் கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்த அரசாங்கக் குடியிருப்புகளிலே வாழ்வைத் தொடங்கியவர்கள். அவர்களை இத்துணைத் தொலைவு கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் கல்லூரிப் பட்டமே. பட்டத்திற்கென்றே பயின்றும் அதனைப் பெறாது, வேற்றுமொழி வழங்கும் நாடு சென்று பெருந்தொண்டாற்றிய தமிழர் ஒருவரின் வரலாறு நம்மனோர் அறியத் தக்கது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபைக் குரு. அவர் 1889இல் மறைந்தார். திருநெல்வேலியிற் பயின்ற மைந்தர், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் நோய் வந்து தடுத்தது. கணிதத் தேர்வு எழுத இயலாமையால் பட்டம் கைக்கெட்டாது போயிற்று.

அவர் சோர்ந்தாரல்லர். 1895இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகித் தென்னாடெங்கும் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பொருளைக் கொண்டே தமிழகத்திற்கு ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். அயல்நாட்டார் கையை எதிர்பார்த்திருந்த தம் நாட்டுச் சபையின் நிலை அவர் நெஞ்சை உறுத்தியது. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. பணமும் ஆட்களும் இந்நாட்டினவாகவே இருத்தல் வேண்டுமென்பது அதன் கொள்கை.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் அமர்ந்திருக்க அவர் மனம் ஒப்பவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்குக் குடும்பத்துடன் சென்றார். தெலுங்கு கற்று, ஏழை எளியோரிடையே, சிறப்பாகத் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோரிடையே பணி புரிந்தார். 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மாநாட்டில், மேனாட்டு ஊழியர் இந்தியரைத் தோழராக நடத்தாத குறையை அவர்கள் முன்னிலையிலேயே அஞ்சாது எடுத்துரைத்தார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே. ஊழியராக விரும்பிய கிராமத்து இளைஞர்க்குத் தோர்ணக்கலிலே இறையியற் பள்ளி நடத்தினார். அவர்தம் மனைவியரும் உடன் பயின்றனர். அத்தியட்சரின் துணைவியார் அன்பு மரியம்மாள், கல்லூரிக் கல்வி பெற்ற தமிழ்ப் பெண்மணிகளுள் முன்னோடி. கணவரின் பணி அனைத்திலும் பங்கேற்றவர். கோயிலும் மசூதியும் நினைவுக்கு வருமாறு அமைந்த தோர்ணக்கல் பேராலயம் 1939இல் நிறைவெய்தியது. கிறிஸ்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டாமென்றும் அவர் உறுதியாக நின்றார்.

கல்லூரி தராத பட்டத்தை 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டமாக அளித்தது. 1945ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் அவர் மறைந்தார். அவர் உழைத்த சபை ஐக்கியம் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது.

தேர்விலே தவறிய நம் பிள்ளைகள் மனமுடைந்து நிற்கும்போது, பெற்றோர் இப்பெரியாரின் வாழ்வை அவர்க்கு எடுத்துக் கூறுவாராக.