சாவுக்குருவிக்கு வீடு கட்டியவர்

இளம் அறிவியல் (விலங்கியல்), இரண்டாம் ஆண்டு

நம் நாட்டுப்புறங்களில் கூகையைச் சாவுக்குருவி என்றே அழைப்பர். இரவில் அது வீட்டுக் கூரைமேல் வந்து அலறினால் அவ்வீட்டில் ஓர் உயிர் போகும் என்பது நம்பிக்கை. படுக்கையில் நோயாளி ஒருவர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கல்லும் கட்டையும் எடுத்துக்கொண்டு விரட்டப் புறப்பட்டுவிடுவர். இந்த அச்சம் நமக்கு மட்டுமே சொந்தமானது என்று நான் எண்ணியிருந்தேன். அது அன்று என்பதைச் சார்லஸ் வாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயரின் வாழ்க்கையைப் படித்தபோது அறிந்தேன். இதே பறவைக்கு, இதே பெயர்கெட்ட பறவைக்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லும் சாந்தும் கொண்டு வீடு கட்டிக் கொடுத்தவர் அவர்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், வேக்ஃபீல்டு நகருக்கு அருகே, ஓர் ஏரியின் நடுவே சிறு தீவில் வால்ட்டன் மாளிகை அமைந்திருக்கிறது. அங்கே 1782ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வாட்டர்ட்டன் பிறந்தார். பல தலைமுறையாக நிலமும் செல்வமும் உடைய குடும்பம். ஆயினும் அவர்கள் கத்தோலிக்கர்கள். அக்காலத்தில் இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்கு அரசுப் பதவி கிடையாது. பாராளுமன்றத்தில் இடம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறவும் வழியில்லை. இத்தடைகளுள் பெரும்பாலானவை 1829இல்தான் நீங்கின. ஆகவே பின்னாளில் இயற்கையியலில் பெயர் பெற்ற இவர் எந்தப் பட்டமும் இல்லாதவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய என்னைப் போன்றோர் இதைச் சற்று நின்று நினைக்கத்தான் வேண்டும்.

ஏசு சபையினர் நடத்திய ஸ்டோனிஹர்ஸ்ட் பள்ளியில் அவர் பயின்றார். மரம் ஏறுவதிலும் பறவைக் கூடு தேடுவதிலும் சிறுவனுக்கு இருந்த வெறியை அடக்க முடியாது என்று கண்ட ஆசிரியர்கள், பள்ளியில் எலி பிடிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்துவிட்டனர். நல்ல ஆசிரியர்கள்!

1804இல் தென்னமெரிக்காவின் கயானாவுக்குச் சென்று குடும்பத் தோட்டங்களை மேற்பார்வையிட்டார். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள் என்பதை மறைப்பதற்கில்லை. அடிமை முறை தீயது என்று அவரே எழுதியிருக்கிறார்; எனினும் எட்டாண்டுகள் அந்த முறையின் நிழலில்தான் வாழ்ந்தார். பின்னர் தோட்டப் பணியை விட்டுவிட்டு 1812 முதல் நான்குமுறை அந்நாட்டுக் காடுகளில் வெறுங்காலுடன் அலைந்தார். கெய்மன் என்னும் முதலையின் முதுகில் ஏறி அமர்ந்து அதைப் பிடித்த கதை அவரை ஊரறிய வைத்தது. நம் உடலியங்கியல் பாடத்தில் வரும் குராரே நஞ்சை அவர் காட்டிலிருந்து கொண்டுவந்தார். 1814இல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அந்நஞ்சு செலுத்தப்பட்டது. மூச்சு நின்றதும் மூச்சுக்குழலில் துளையிட்டுத் துருத்தியால் காற்றடித்து அதைப் பிழைக்க வைத்தனர். அக்கழுதை வால்ட்டனில் 1839 வரை வேலையின்றி மேய்ந்து வாழ்ந்தது.

கயானாவில் அவர் செய்த இன்னொரு காரியமும் உண்டு. ஜான் எட்மன்ஸ்டன் என்ற கறுப்பின அடிமைக்குப் பறவைகளைப் பாடம் செய்யக் கற்றுக்கொடுத்தார். அந்த ஜான் பின்னர் விடுதலை பெற்று எடின்பரோவில் வாழ்ந்தார். 1826இல் அவரிடம் கட்டணம் கொடுத்து அக்கலையைக் கற்ற இளைஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சார்லஸ் டார்வின்.

இனி வால்ட்டனுக்கு வருவோம். 1813 வரை அங்கே கூகைகளுக்குப் பொல்லாத காலம். மாளிகையின் வீட்டுப் பொறுப்பைக் கவனித்து வந்த மூதாட்டிக்கு அதன் குரல் சாவின் குரல். தோட்டக் காவலனோ கண்ட இடத்தில் சுட்டுத் தள்ளுவான். கயானாவிலிருந்து திரும்பிய வாட்டர்ட்டன் இந்தக் கொலைச் சட்டத்தை ஒரே நாளில் ரத்து செய்தார். ஏரிக்கரையில் இடிந்து கிடந்த பழைய நுழைவாயிலின்மேல், ஏறத்தாழ நான்கடிச் சதுரத்தில், கல்லும் சாந்தும் வைத்து ஓர் அறை கட்டினார். பறவை அமர்வதற்குத் தடித்த ஓக் கட்டை ஒன்றை அதற்குள் பொருத்தினார். கட்டி முடித்து ஒரு மாதம் அளவில் ஒரு சோடிக் கூகைகள் குடி வந்துவிட்டன!

காவலனை அவர் கடுமையாக எச்சரித்தார். மூதாட்டியிடமோ, இப்புதிய குடித்தனக்காரர்களால் மாளிகைக்கு நோயோ துன்பமோ வந்தால் முழுப்பொறுப்பும் தம்முடையதே என்று உறுதி கூறினார். அம்மையார் குனிந்து வணங்கினார், ஆனால் நம்பவில்லை. எண்பத்து நான்காம் வயதில் இறக்கும்வரை அவர் அப்பறவைகளை மகிழ்வோடு பார்த்ததே இல்லை. இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மூதாட்டியைப் போன்றவர் நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். வாட்டர்ட்டன் அவரைக் கேலி செய்து வேலையிலிருந்து அனுப்பிவிடவில்லை என்பதே என் மனத்தில் நிற்கிறது.

முதல் குடியேற்றம் வெற்றி பெறவே மேலும் பல இடங்களில் கூகைகளுக்கு இருப்பிடம் அமைத்தார். ஓராண்டில் நான்கு கூடுகளில் குஞ்சு பொரித்தன. அவர் செய்த வேலை அதற்குமேல்தான் தொடங்குகிறது. வீடு கட்டிக் கொடுத்தவர் அதன் எதிரே அமர்ந்து பார்க்கத் தொடங்கினார்.

கூகை தன் இரையை முழுதாக விழுங்கும் என்பதும், செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாய்வழியே கக்கிவிடும் என்பதும் விலங்கியல் மாணவர் அறிந்ததே. இவ்வுருண்டைகளை அவர் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஏழு சுண்டெலிகளின் எலும்புக்கூடுகள் இருந்தன. நுழைவாயிலின் மேலிருந்த அறையைத் துப்புரவு செய்து பதினாறு மாதங்களில் ஒரு புஷலுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 36 லிட்டர் அளவுக்கு, இவ்வுருண்டைகள் சேர்ந்துவிட்டன. குஞ்சு இருக்கும் காலத்தில் பன்னிரண்டு அல்லது பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு சுண்டெலி கூட்டுக்கு வந்து சேர்வதையும் கணக்கிட்டார். வரப்பு வளையில் எலி சேர்த்து வைத்த நெற்கதிரைத் தோண்டி எடுத்த கைகளுக்கு இந்தக் கணக்கின் பொருள் நன்கு விளங்கும். எங்கள் வீட்டில் அத்தகைய கைகள் உண்டு.

புறாக் கூண்டு வழக்கு இன்னும் சுவையானது. கூகை புறா முட்டைகளைத் தின்கிறது என்று உழவர்கள் குற்றம் சாட்டினர். வாட்டர்ட்டனின் புறா மாடத்திலும் குஞ்சுகள் மிகக் குறைவாகவே தேறின. அவர் கூகையை விரட்டவில்லை. மாடத்திற்குள் எலி நுழைய முடியாதபடி செய்தார். அதன்பின் ஆண்டுதோறும் புறாக் குஞ்சுகள் ஏராளமாகத் தேறின. கூகைகளும் வழக்கம்போல் அங்கே வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. எலி செய்த குற்றத்திற்குக் கூகை தண்டனை பெற்றுவந்தது. ஒன்றை நீக்கி, மற்றொன்றை விட்டுவைத்து, விளைவைப் பார்ப்பதற்கு நம் ஆய்வுக்கூடத்தில் என்ன பெயர் சொல்வோம்? அவர் அதைப் புறா மாடத்தில் செய்து முடித்தார்.

கூகையோடு அவர் நிற்கவில்லை. நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகளுக்காகப் பழைய சுவர்களில் துளைகள் அமைத்தார். ஜாக்டா என்னும் சிறு காக்கைகளும் அப்பழஞ்சுவர்களில் இடம் பிடித்தன. மணற்கரையில் வளை தோண்டி வாழும் தகைவிலான்களுக்கென்று குழாய்கள் பதித்த சுவர் ஒன்றையே எழுப்பினார்.

பறவைக்கு மனிதன் கூடு வைத்துக் கொடுப்பது அதற்கு முன்பும் இருந்ததே என்று யாரேனும் கேட்கலாம். இருந்தது. ஹாலந்துப் பக்கத்தில் பல நூற்றாண்டுகளாக ஸ்டார்லிங்குகளுக்கும் சிட்டுக்குருவிகளுக்கும் சுவரில் மண்பானைகளைத் தொங்கவிட்டு வந்தனர். குஞ்சுகள் கொழுத்ததும் எடுத்துச் சமைப்பதற்காக! எதையும் எடுத்துக்கொள்ளாமல், பார்ப்பதற்காகவும் காப்பதற்காகவும் கூடு அமைத்ததில்தான் வாட்டர்ட்டன் வேறுபடுகிறார். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் கூடுபெட்டிகள் வைத்துச் சிறு பறவைகளின் பல தலைமுறைகளை ஆராய்ந்து வருகிறார்கள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி வைக்கிறார்கள். நம் ஊர் நெல்வயல்களில் ஆந்தை அமர்வதற்குக் குறுக்குக் கட்டை வைத்த கம்புகளை நடச் சொல்வதும் இதன் உறவுதான்.

கூடு மட்டும் போதாது, அமைதியும் வேண்டும் என்று அவர் கண்டார். 1821 முதல் 1826 வரை தம் தோட்டத்தைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மைல் நீளத்திற்கு மதில் எழுப்பினார். சில இடங்களில் அதன் உயரம் பதினாறு அடி. செலவு சுமார் 9,000 பவுன். தாம் மது அருந்தாததால் மிச்சமான பணத்தில் கட்டியதாக அவர் சொல்லிக்கொள்வாராம். அடிமை உழைப்பில் செழித்த குடும்பத்தின் பணமும் அதில் கலந்திருக்காதா என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. மதிலுக்குள் துப்பாக்கி ஓசை கூடாது என்பது சட்டம். நீர்ப்பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் ஏரியில் படகு விடவும் தடை. திருட்டு வேட்டைக்காரர்களை ஏமாற்ற மரத்தால் செய்த பொய்க்கோழிகளைக் கிளைகளில் அறைந்து வைத்தார். இருட்டில் அவற்றைச் சுட்டு அவர்கள் தோட்டாக்களை வீணாக்கினர்.

மதில் கட்டியவர் மனிதர்களை வெளியே நிறுத்தினாரா என்றால், இல்லை. சுற்றுப்புற ஊர் மக்கள் கட்டணமின்றி உள்ளே வந்து பொழுதைக் கழித்தனர். வேக்ஃபீல்டு மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்களையும் வரவழைத்து, ஏரியில் மிதக்கும் பறவைகளைத் தொலைநோக்கி வழியே பார்க்கச் செய்தார். சங்கிலியில் பிணைத்து வைக்கப்பட வேண்டியவர்கள் என்று மனநோயாளரைப் பலர் கருதிய காலம் அது.

சொந்த வாழ்வில் அவருக்குக் கிடைத்த இன்பம் மிகச் சிறிது. 1829இல், தம் 46ஆம் வயதில், நண்பரின் மகளான ஆன் எட்மன்ஸ்டன் என்ற பதினேழு வயதுப் பெண்ணை மணந்தார். அவ்வம்மையாரின் தாய்வழியில் கயானாவின் அரவாக் பழங்குடி இரத்தம் கலந்திருந்தது. அடுத்த ஆண்டே எட்மண்ட் என்னும் ஆண்குழந்தையைப் பெற்றெடுத்துச் சில வாரங்களில் அவர் மறைந்தார். அன்றிலிருந்து தம் இறுதிக்காலம் வரை வாட்டர்ட்டன் கட்டிலில் படுக்கவில்லை. வெறுந்தரையில், மரக்கட்டை ஒன்றைத் தலையணையாக வைத்து உறங்கினார். பொழுது விடியுமுன் எழுந்துவிடுவார். எண்பது வயதை எட்டிய பின்னும் கூடு பார்க்க மரம் ஏறினார்.

அறிஞர் உலகம் அவரை முழுதாக ஏற்கவில்லை. உயிரினங்களுக்குரிய லத்தீன் பெயர்களைப் பயன்படுத்த அவர் மறுத்தார். குரங்கின் தோலைத் திரித்து மனித முகம்போல் ஆக்கி வேடிக்கை காட்டினார். பின் எப்படி நம்புவர்? லத்தீன் பெயர் விஷயத்தில் நான் அவர் கட்சி அல்லன்; பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் அறிவியல் ஏது? ஆனால் வான்கோழிக் கழுகு எனப்படும் அமெரிக்கப் பிணந்தின்னிக் கழுகு இரையை மோப்பத்தால் அறியும் என்று அவர் சாதித்தார். பெரும்புகழ் பெற்ற ஆடுபான், கண்ணால்தான் அறியும் என்றார். உலகம் ஆடுபான் பக்கம் சாய்ந்தது. 1964இல் கென்னத் ஸ்டேகர் வெளியிட்ட ஆய்வு, அக்கழுகுக்குக் கூர்மையான மோப்ப ஆற்றல் உண்டு என்று நிலைநாட்டியது.

மதிலால் தடுக்க முடியாத பகை ஒன்று வந்தது. அண்டையில் சிம்ப்சன் என்பவரின் சவுக்காரத் தொழிற்சாலை எழுந்தது. அதன் அமிலப் புகை மரங்களைக் கருக்கியது. கழிவு நீரைக் கெடுத்தது. வாட்டர்ட்டன் நீதிமன்றம் ஏறினார். நெடுங்காலம் போராடியபின் தொழிற்சாலை அவ்விடத்தை விட்டு அகன்றது. ஆலைக் கழிவு ஓடும் ஆற்றங்கரைகளில் வாழும் நமக்கு, அந்தக் காலத்திலேயே அவர் பெற்ற இவ்வெற்றி சிறிதாகத் தோன்றாது.

1865ஆம் ஆண்டு மே மாதம், தோட்டத்தில் மரக்கட்டை ஒன்றைச் சுமந்து வந்தபோது முட்கொடி காலில் சிக்கி அவர் விழுந்தார். மே 27 அன்று உயிர் பிரிந்தது. ஜூன் 3, அவருடைய 83ஆம் பிறந்தநாள், அன்றுதான் அடக்கம். உடலைப் படகில் ஏற்றி ஏரி வழியே கொண்டுசென்று, அவரே தேர்ந்து வைத்திருந்த இரு ஓக் மரங்களின் இடையே புதைத்தனர்.

மகன் எட்மண்ட் தந்தையைப் போன்றவர் அல்லர். துப்பாக்கி ஓசையே கேட்டிராத தோட்டத்தில் வேட்டைக்கு இடம் கொடுத்தார். கடன் நெருக்கவே 1870களில் நிலத்தையே விற்றார். வாங்கியவர்கள் தந்தை யாரோடு வழக்காடினாரோ அந்தச் சவுக்காரக் குடும்பத்தினர். மாளிகை பின்னாளில் தங்கும் விடுதியாயிற்று. அவர் பாடம் செய்த பறவைகளும் அந்தக் கெய்மனும் வேக்ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ளன. மதிலின் சில பகுதிகள் இன்னும் நிற்கின்றன.