பட்டாணித் தோட்டத்துத் துறவி

பரம்பரை விதிகளைக் கண்டு சொன்ன அருட்தந்தை கிரகோர் மெண்டல், 1822-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த ஹைன்சன்டார்ஃப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. திருமுழுக்கில் பெற்ற பெயர் யோகான். தந்தையார் குடியானவர். 1838-இல் மரம் விழுந்து அடிபட்ட பின் அவரால் முன்போல் உழைக்க இயலவில்லை. மகனின் படிப்பு நின்றுவிடும் நிலை வந்தது. அப்போது கைகொடுத்தவள் தங்கை தெரேசியா. தன் சீதனத்துக்கென இருந்த பங்கில் ஒரு பகுதியை அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தாள். அண்ணனும் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவளுடைய பிள்ளைகள் மூவரின் படிப்புக்கும் உதவினார். அவர்களில் இருவர் மருத்துவராயினர். நம் பாடநூல்களில் இந்தத் தெரேசியாவுக்கு ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறையே.

1843-இல் புரூன் நகரத்து அகுஸ்தீன் சபை மடத்தில் சேர்ந்து, கிரகோர் என்ற பெயரை ஏற்றார். 1847-இல் குருப்பட்டம் பெற்றார். ஆசிரியர் தேர்வில் மட்டும் அவருக்கு வெற்றி கிட்டவே இல்லை! இருமுறை முயன்றும் பயனின்றி, துணை ஆசிரியராகவே பல்லாண்டு பாடம் நடத்தினார்.

1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டை. சுருக்கம் ஒழிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர். அடுத்த தலைமுறையில் அவர் ஒவ்வொரு விதையாக எண்ணினார்: உருண்டை 5,474, சுருக்கம் 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. சுருக்கம் அழியவில்லை, ஒளிந்திருந்தது. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு கூறுகள் உண்டு என்பது இதனால் விளங்கிற்று. 1865-இல் இதைச் சபையோர் முன் படித்தார். மறு ஆண்டு அச்சிலும் வந்தது. பொருட்படுத்துவார் அரிதாயினர்.

1868-இல் மடத்துத் தலைவரானார். மடங்கள் மீது அரசு விதித்த வரியை எதிர்த்த வழக்கிலேயே கடைசி ஆண்டுகள் கழிந்தன. இறுதியில் அவரை வீழ்த்தியது சிறுநீரக நோய். 1884 ஜனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று உயிர் பிரிந்தது. மாற்றுச் சிறுநீரகம் அக்காலத்தில் கனவிலும் இல்லை. 1900-இல் மூன்று தாவர இயலார் அவரது விதிகளை மீண்டும் கண்டனர்.

1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரே, ஒருவரின் சிறுநீரகத்தை அவரது ஒரே கரு இரட்டையருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். உடல் அதனை அயலாகக் கருதவில்லை. மற்றவர் சிறுநீரகத்தை ஏன் தள்ளுகிறது? 1958-இல் பிரான்சின் ழான் தோசே, வெள்ளணுக்களில் உள்ள எச்.எல்.ஏ. அடையாளங்களில் முதலாவதைக் கண்டார். அவற்றுக்குரிய மரபணுக்கள் ஆறாம் குரோமோசோமில் ஒரு கொத்தாக உள்ளன. தாய் ஒரு கொத்தும் தந்தை ஒரு கொத்தும் தருவதால், இதுவும் மெண்டலின் கணக்கே. பெற்றோர் தரும் சிறுநீரகம் பிள்ளைக்குப் பாதி பொருந்தும். உடன்பிறந்தோர் இருவருக்கு முழுதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. பாதி பொருந்த நான்கில் இரண்டு. சற்றும் பொருந்தாதிருக்க நான்கில் ஒன்று.

நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் இச்சிகிச்சை வெற்றி பெற்றது. நம் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கத்தில், கூடப்பிறந்தவர் கொடுத்தால் கட்டாயம் சேரும் என்று பேசுவதைக் கேட்கிறோம். அது உண்மையன்று. பொருந்தாத அண்ணன் மீது மனத்தாங்கல் கொள்வதும் நியாயமன்று. பிள்ளை பெற்ற தாய்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. கருவிலிருந்த குழந்தையின் வழியே கணவரின் அடையாளங்களுக்கு எதிரான பொருள்கள் அவள் இரத்தத்தில் தோன்றியிருக்கலாம். பின்னர் அவளுக்கே சிறுநீரகம் தேவைப்படும்போது, கணவரோ மகனோ கொடுப்பது ஏற்காமல் போகலாம். இதை அறியவே கிராஸ் மேட்ச் சோதனை செய்கின்றனர். ஆயினும் நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்போரில் பெண்களே மிகுதி.

முழுதும் பொருந்திய உடன்பிறப்பின் சிறுநீரகத்துக்கும் பொதுவாக மாத்திரை வேண்டும். சிற்சில வேறுபாடுகள் பிற மரபணுக்களிலும் உள்ளன. டாக்ரோலிமஸ் என்னும் மாத்திரையைச் சிலரது உடல் விரைவில் கழித்துவிடுகிறது. அதுவும் பெற்றோர் வழி வந்த ஒரு மரபணுவின் வேலைதான். அத்தகையோருக்கு மருத்துவர் அளவைக் கூட்டித் தருவர்.