முதல் தேர்வு

பள்ளியில் சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே குழந்தைகள் ஒரு தேர்வை எதிர்கொள்கின்றனர். பொம்மசந்திராவில் பிறந்த குழந்தைக்கும், தருமபுரியில் பிறந்து பெற்றோருடன் இங்குக் குடியேறிய குழந்தைக்கும் அத்தேர்வு ஒன்றே. பிறந்த ஒரு நிமிடத்தில் மருத்துவமனையில் நடைபெறும் அத்தேர்வுக்கு அப்கார் மதிப்பெண் என்று பெயர். அதனை வகுத்தவர் வர்ஜீனியா அப்கார் என்னும் அமெரிக்க மருத்துவர்.

அப்கார் 1909ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட்ஃபீல்டு நகரில் பிறந்தார். 1933இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவராக வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால், அக்காலத்தில் பெண்களுக்கு அத்துறையில் வாய்ப்பு அரிது. எனவே, தம் ஆசிரியரின் அறிவுரைப்படி மயக்க மருத்துவத்தைக் கற்றார். 1949இல் அப்பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரானார்.

மகப்பேற்று வலி கொடியது. அதனைத் தணிக்கத் தாய்மார்க்கு மயக்க மருந்து அளிப்பர். தாய் வலியறியாது உறங்குவாள். ஆனால், அம்மருந்து தாயின் குருதி வழியே சேயையும் சென்றடையும். சில குழந்தைகள் அழாமலும் மூச்சுவிடத் திணறியும் பிறந்தன. எம்மருந்து சேய்க்கு நன்று, எது தீது என அறிய அந்நாளில் அளவுகோல் இல்லை.

அக்குறையை அப்கார் 1952இல் நீக்கினார். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்தையும் நோக்கி, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் இடச் செய்தார். மொத்தம் 10. ஏழும் அதற்கு மேலும் பெற்றால் குழந்தை நலம்; குறைந்தால் உடனே உதவி தேவை.

இவ்வளவுகோல் உண்மையைக் காட்டியது. அறுவை மகப்பேற்றில் தாயை முழுதும் உறங்கச் செய்தபோது பிறந்த குழந்தைகள் குறைந்த மதிப்பெண் பெற்றன. முதுகில் ஊசியிட்டு உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்தபோது பிறந்தவை கூடுதலாகப் பெற்றன. இன்று எபிடியூரல் முறையில் தாய் விழித்திருக்கும்போதே வலி தணிகிறது. குழந்தை வெளிவரச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம். எனினும், சேயின் அப்கார் மதிப்பெண் அதனால் குறைவதில்லை என ஆய்வுகள் உணர்த்துகின்றன.

அப்கார் இசையிலும் வல்லவர். நரம்பிசைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்தார். 1959இல், ஐம்பது வயதை எட்டிய நிலையிலும், மீண்டும் மாணவியாகிப் பொதுநலவியலில் பட்டம் பெற்றார். பின்னர், குழந்தைகளின் பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கும் பணியில் ஈடுபட்டார். 1974ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் மறைந்தார்.

தாயின் வலியைத் தணிக்கும்போது சேயின் மூச்சையும் காக்க வேண்டும். அதற்கு வழி கண்ட அப்காரின் பெயர் உலகெங்கும் பிறப்பறைகளில் இன்றும் ஒலிக்கிறது.

சொற்பொருள்
சேய் – குழந்தை
குருதி – இரத்தம்
மகப்பேறு – குழந்தை பெறுதல்

விடையளிக்க
1. அப்கார் மயக்க மருத்துவத்துறைக்கு வந்தது ஏன்?
2. அப்கார் மதிப்பெண்ணுக்குரிய ஐந்து கூறுகள் யாவை?
3. தாய்க்கு அளிக்கும் மருந்து சேயை எவ்வாறு அடைகிறது?