இராமானுசரின் இருண்ட நாட்கள்

கணித மேதை சீனிவாச இராமானுசரின் புகழை அறியாதார் இலர். அவர் தம்மைத் தாமே ஐயுற்று நலிந்த நாட்களை அறிந்தார் சிலரே.

1887ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதமொன்றிலேயே தோய்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டார், ஆங்கிலத்தில் தவறினார், கல்லூரி அளித்த உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1905இல் வீட்டாருக்குச் சொல்லாமலே விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எவ். ஏ. பரீட்சையில் இருமுறை தோற்றார். மாத்தளைத் தோட்டங்களிலிருந்து நடந்துவந்து படிக்கும் பிள்ளை, பரீட்சை முடிவு வந்தவன்று வீட்டு மூலையில் முடங்குவதைக் கண்ட ஆசிரியர்களுக்கு இந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாளிலிட்ட எண்ணைத் தன்னுயிரின் விலையென்றே அப்பிள்ளை கொள்கின்றது.

சில ஆண்டுகளின் பின் நோயுற்றபோது, தாம் இறப்பின் உரியோரிடம் சேர்ப்பிக்குமாறு தம் கணிதக் குறிப்பேடுகளை நண்பரொருவரிடம் ஒப்படைத்தார். வாழ்வில் நம்பிக்கை தளர்ந்தவர் கணக்கில் அதனை இழந்திலர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா ஊதியத்தில் எழுத்தரானார். இங்கிலாந்தின் கணித அறிஞர் இருவர் அவர் மடலைப் பொருட்படுத்திலர். 1913 சனவரியில் ஹார்டிக்கு எழுதினார்; அம்மடலே மறு ஆண்டில் அவரைக் கேம்பிரிட்சுக்கு அழைத்துச் சென்றது.

ஆயினும் துயர் தீர்ந்திலது. போர்க்காலம், மரக்கறி உணவு அரிது, வீட்டிலிருந்து மடல்கள் வருவதும் குறைந்தது. 1917இல் கொடிய நோய் பற்றியது. திரினிற்றிக் கல்லூரியும் அவ்வாண்டில் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. 1918இன் தொடக்கத்தில் இலண்டனில் தம்முயிரைத் தாமே மாய்க்க முயன்று காவலர் கையிற் சிக்கினார். ஹார்டியே சென்று மீட்டார். நண்பர் ஒருவர் வந்து நின்றமையை வரலாறு எழுதுவோர் பலர் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர். எனக்கோ அவ்வரியே பெரிதாகத் தோன்றுகிறது.

அவ்வாண்டு மே மாதத்தில் றோயல் சங்கமும் ஒக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியும் அவரைத் தம் உறுப்பினராக்கின. பட்டம் மருந்தாகுமோ என்று நான் ஐயுறுவதுண்டு. அறியத்தக்கோர் தம் உழைப்பை அறிந்தனர் என்னும் தெளிவு அவரைத் தேற்றியிருத்தல் வேண்டும். உடல் தேறாமலே மீண்டும் ஆராயப் புகுந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் அளிக்க முன்வந்தபோது, எஞ்சும் பணத்தை ஏழைச் சிறுவரின் பள்ளிக் கட்டணத்துக்கும் நூல்களுக்கும் செலவிடுமாறு 1919 சனவரியில் வேண்டினார். தவறிப்போன தம் உபகாரச் சம்பளத்தை அப்பொழுது நினைந்தனர் போலும்!

அவ்வாண்டே தாயகம் மீண்டார். 1920 சனவரியில், நோய்ப் படுக்கையிலிருந்து, தாம் கண்ட புதிய சார்புகளின் அருமையை ஐயமின்றி எடுத்துரைத்து ஹார்டிக்கு எழுதினார். ஏப்பிரல் 26ஆம் நாள் தம் 32ஆம் வயதிற் காலமானார்.